ஒரு தடி, இரண்டு பேர்: மாமாவோடு ஆற்றில் ஸ்டீல்ஹெட் பிடிக்கப் பழகுவது

நீங்கள் கேட்டது இதுதான்: வீடு ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஏஜாக்ஸில். மனைவியின் அப்பா பருத்தித்துறைக் கடலில் கைத்தூண்டில் போட்டு வளர்ந்தவர். இப்போது வயது 66. கனடாவுக்கு வந்த இரண்டு வருடமும் பெரும்பாலும் வீட்டுக்குள்தான் இருக்கிறார். ஆற்றில் ஏறிவரும் ஸ்டீல்ஹெட் மீனைப் பிடிக்க அவரோடு சேர்ந்து பழக உங்களுக்கு ஆசை. நீங்கள் தூண்டிலைத் தொட்டதே இல்லை. என்ன வாங்குவது, எங்கே போவது, பிடித்ததைச் சமைக்கலாமா, மாமாவுக்கு இது சரிவருமா?

சரிவரும். நானும் இதை என் சித்தப்பாவோடுதான் பழகினேன். அவர் மயிலிட்டிக்காரர். 1990 இல் ஊரைவிட்டு வெளிக்கிட்ட பிறகு தூண்டில் பக்கமே போகாமல் இருந்தவர். போர்ட் ஹோப்பில் கானராஸ்கா ஆற்றங்கரையில் முதல் நாள் நின்றபோது, "இதென்ன ஆறு, வாய்க்கால் மாதிரிக் கிடக்கு" என்றார். மூன்றாவது வருடம் என்னைவிட அவர்தான் நிறையப் பிடித்தார். ஆகவே உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் நீட்டியே பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று: ஒரே ஒரு தடி வாங்குங்கள். காசை மிச்சம் பிடிப்பதற்காகச் சொல்லவில்லை. புதிதாகப் பழகும் இருவர் ஆளுக்கொரு தடியோடு போனால், இருபது யார் தள்ளித் தள்ளி நின்று, இருவரும் ஒரே பிழையை நாள் முழுக்கச் செய்துகொண்டிருப்பார்கள். இங்கே நூலில் ஒரு மிதப்பைக் கட்டி, அதற்குக் கீழே இரையைத் தொங்கவிட்டு, ஓட்டத்தோடு போகவிட்டுத்தான் பிடிக்கிறோம். மிதப்பை ஆற்றில் விடுகிறவரின் கண் மிதப்பிலேயே இருக்கும். நூல் நடுவில் வில்லாக வளைந்து மிதப்பை இழுத்துக்கொண்டு போவது அவருக்குத் தெரியாது. பக்கத்தில் சும்மா நிற்பவருக்கு அது உடனே தெரியும். ஒருவர் இருபது தடவை விடட்டும், மற்றவர் பார்த்துச் சொல்லட்டும், பிறகு தடி கை மாறட்டும். நாங்கள் முதல் இரண்டு பருவமும் இப்படித்தான் செய்தோம். மீன் பட்டால் வலை பிடிக்க ஆள் இருக்கும், வழுக்கினால் கை கொடுக்கவும் ஆள் இருக்கும். இரண்டாவது தடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனி மீன். ஸ்டீல்ஹெட் தனி இனம் இல்லை, ரெயின்போ ட்ரவுட்தான். ஆற்றில் பிறந்து, பெரிய நீருக்குப் போய் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பி வருகிற ரெயின்போவை இப்படிச் சொல்கிறோம். இதன் சொந்த இடம் பசிபிக் கரை: கலிபோர்னியாவிலிருந்து அலாஸ்கா, அதைத் தாண்டி ரஷ்யாவின் கம்சாட்கா வரைக்கும். அங்கே இது கடலுக்குப் போய்த் திரும்பும். நமது பேரேரிகளுக்கு மனிதர்கள் கொண்டுவந்து விட்டது 19 ஆம் நூற்றாண்டின் கடைசியில். இங்கே இதற்குக் கடல் என்றால் ஒன்ராறியோ ஏரிதான். ஏரியில் இருந்து புதிதாக ஏறிவருவது வெள்ளிக்காசு போல மின்னும். ஆற்றில் நாள் போகப் போகக் கறுத்து, பக்கத்தில் சிவப்புக் கோடு வந்துவிடும்.

1989 இல் விஞ்ஞானிகள் இதைப் பசிபிக் சால்மன்களின் பேரினத்துக்கு மாற்றினார்கள். ஆனாலும் அவற்றுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சினூக் சால்மன் முட்டையிட்டதும் செத்துப்போகும். ஸ்டீல்ஹெட் அப்படிச் சாக வேண்டியதில்லை. மெலிந்து, வால் தேய்ந்து ஏரிக்குத் திரும்பினாலும், அங்கே தின்று தேறி அடுத்த வருடம் மறுபடி வரலாம். இதை இப்போதே சொல்வதற்குக் காரணம், சமைப்பது பற்றிக் கடைசியில் சொல்லப்போவது இதில்தான் தங்கியிருக்கிறது.

எப்போது போவது? செப்டம்பரில் சினூக் ஏறும். கரை முழுக்கச் சனம் தோளோடு தோள் நிற்கும். அதைப் பார்க்கப் போங்கள், பிடிக்கப் போக வேண்டாம். சால்மன் முட்டையிட்டு ஓய்கிற நேரத்தில், ஆற்றில் அடிபட்டு வரும் முட்டைகளைத் தின்ன ஸ்டீல்ஹெட் வரும். ஒக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் முடியும்வரை பழகுவதற்கு மிக நல்ல காலம். தண்ணீர் 5 முதல் 10 பாகை இருக்கும். மீனுக்குப் பசியும் இருக்கும், பலமும் இருக்கும், கரையில் ஆட்களும் குறைவு. தண்ணீர் 3, 4 பாகைக்குக் கீழே போனால் மீன் ஆழமான மெதுவான இடத்தில் படுத்துவிடும். இரை மூக்குக்கு நேரே போனால்தான் வாய் திறக்கும். மார்ச், ஏப்ரலில் முட்டையிடுவதற்காகப் பெரிய ஏற்றம் வரும்.

தெற்கு ஒன்ராறியோவில் ட்ரவுட் பருவம் ஏப்ரல் மாதத்தின் நாலாவது சனிக்கிழமை திறந்து செப்டம்பர் 30 இல் மூடும். சில ஆறுகளின் கீழ்ப்பகுதிகள் மட்டும் அதற்குப் பிறகும் திறந்திருக்கும். நவம்பரில் நீங்கள் நிற்கக்கூடிய இடம் அந்தக் கீழ்ப்பகுதிதான். எந்தப் பாலத்திலிருந்து எங்கே வரை என்பது மாகாண அரசின் மீன்பிடி விதிச் சுருக்கத்தில் ஆற்றின் பெயரோடு எழுதியிருக்கும். ஃபிஷ் ஆன்லைன் என்ற அரசின் வரைபடத்திலும் பார்க்கலாம். போவதற்கு முதல்நாள் இரவு அதைப் படியுங்கள். கரையில் நிற்பவர் சொன்னார் என்பது அதிகாரி வந்து கேட்கும்போது உதவாது.

மாமாவுக்கு ஒரு நல்ல செய்தி. கனடாவில் வசிப்பவருக்கு 65 வயது ஆகிவிட்டால் ஒன்ராறியோவில் மீன்பிடி உரிமம் வாங்கத் தேவையில்லை. பெயரும் பிறந்த திகதியும் உள்ள அரச அடையாள அட்டை கையில் இருந்தால் போதும். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கும் அப்படித்தான். உங்களுக்கு அவுட்டோர்ஸ் கார்டு என்ற மாகாண அட்டையும் உரிமமும் வேண்டும். உரிமம் இரண்டு வகை. கூடுதலாக மீன் வைத்துக்கொள்ளலாம் என்பது ஒன்று, குறைவாக வைத்துக்கொள்ளலாம் என்பது மற்றது. குறைந்ததையே எடுங்கள், விலையும் குறைவு, உங்களுக்கு அது தாராளம்.

இடம். டஃபின்ஸ் க்ரீக் உங்கள் ஊருக்குள்ளாலேயே ஓடி ஏரியில் விழுகிறது. கிழக்கே போனால் போமன்வில், வில்மட், பிறகு போர்ட் ஹோப்பில் கானராஸ்கா. மேற்கே ரூஜ், ஹைலண்ட் க்ரீக், மிசிசாகாப் பக்கம் கிரெடிட். எல்லாவற்றிலும் ஸ்டீல்ஹெட் ஏறும். ஆனால் ஒரு பருவத்துக்கு ஓர் ஆறு, அதிலும் ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஓர் ஆறு என்று ஓடுகிறவர்கள் ஐந்து வருடம் கழித்தும் முதல் நாள் ஆட்களாகவே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரே வளைவுக்குப் பத்துத் தடவை போனால், தண்ணீர் ஏறும்போது மீன் எந்தக் கல்லுக்குப் பின்னால் ஒதுங்கும், வற்றும்போது எங்கே இறங்கும் என்று உங்களுக்கே பிடிபடும்.

நான் கானராஸ்காவைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஓக் ரிட்ஜஸ் மொரெய்ன் மேட்டில் ஊறும் குளிர்ந்த நிலத்தடி நீர்தான் அந்த ஆற்றுக்குத் தாய். அதனால் ஸ்டீல்ஹெட் அங்கே தானாகவே பெருகுகிறது. போர்ட் ஹோப்பில் கோர்பெட் அணைக்கட்டில் 1974 இல் மீன் ஏறிப் போக வழி கட்டினார்கள். அதைச் சுற்றி மீன்பிடிக்கத் தடை. ஏப்ரல் தொடக்கத்தில் மாமாவை அங்கே கூட்டிக்கொண்டு போய்ச் சும்மா நில்லுங்கள். மீன் அணைக்கட்டைத் தாண்டத் துள்ளுவதைப் பத்தடி தூரத்தில் பார்க்கலாம். எவ்வளவு பெரியது, எவ்வளவு பலம், வெள்ளை நுரைக்குள் எந்த இடத்தில் களைப்பாறுகிறது என்று அரை மணி நேரத்தில் விளங்கும். சித்தப்பாவுக்கு ஆசை வந்தது அங்கேதான்.

சரி, சாமான்கள். ஒன்பதரை முதல் பத்தரை அடி நீளமுள்ள மெல்லிய தடி, 2500 அல்லது 3000 அளவு ஸ்பின்னிங் ரீல். இங்கே கரையில் பலர் சென்டர்பின் என்ற வட்டச் சக்கர ரீல் வைத்திருப்பார்கள். பல்லும் இல்லை, பிரேக்கும் இல்லை, உள்ளங்கையால் தடுத்துத்தான் மீனை நிறுத்த வேண்டும். மிதப்பை விடுவதற்கு அதுபோல ஒன்று இல்லைதான், ஆனால் முதல் வருடத்தில் வேண்டாம். எறியவே ஒரு மாதம் போய்விடும். ரீலில் 8 அல்லது 10 இறாத்தல் பாரம் தாங்கும் தங்கூசி. அதன் முனையில் ஒரு சின்ன ஸ்விவல், அதாவது நூல் முறுக்காமல் சுழலும் இணைப்பு. அதற்குக் கீழே ஒன்றரை அடி, இரண்டு அடிக்கு 6 இறாத்தல் ஃப்ளூரோகார்பன் லீடர், அதாவது முள்ளைக் கட்டும் கடைசி நூல்துண்டு. அது மெல்லியதாக இருந்தால் முள் அடியில் சிக்கும்போது அந்தத் துண்டு மட்டும் அறும், மிதப்பு தப்பும். தூண்டில் முள் 8 அல்லது 10 ஆம் அளவு. இடுக்கியால் அதன் நுனிக்குக் கீழே இருக்கும் கொளுவியை நசுக்கிவிடுங்கள். மிதப்பு நாலைந்து, சின்னச் சின்ன ஈயக்குண்டு ஒரு டப்பா. துருவக் கண்ணாடி (போலரைஸ்ட் சன்கிளாஸ்) ஒன்று கட்டாயம் வேண்டும், தண்ணீரின் மினுக்கத்தை வெட்டிக் கீழே இருப்பதைக் காட்டும். கடையில் இதற்கு மேலே என்ன காட்டினாலும் இப்போது வாங்க வேண்டாம்.

ஈயத்தை ஒரே இடத்தில் கொத்தாகக் கடிக்க விடாதீர்கள். மிதப்புக்குக் கிட்டப் பெரிய குண்டுகள், கீழே வர வரச் சின்னது, சட்டைப் பொத்தான் மாதிரி இடைவெளி விட்டு. மொத்தப் பாரமும் சேர்ந்து மிதப்பை இழுத்து, அதன் நிறம் பூசிய நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். மீன் இரையை வாயில் எடுத்துப் பார்க்கும்போது பாரம் தெரிந்தால் துப்பிவிடும்.

இனி விடும் முறை. இங்கேதான் நான் ஒரு முழுப் பருவத்தைத் தொலைத்தேன், அதனால் மெதுவாகச் சொல்கிறேன்.

ஆற்றின் மேல்தண்ணீர் வேகமாக ஓடும். அடியில் கல்லிலும் மணலிலும் உராய்ந்து ஓடுவதால் வேகம் குறைவு. மீன் கிடப்பது அடியில். உண்மையான முட்டை உருண்டு வருவதும் அடித்தண்ணீரின் வேகத்தில்தான். உங்கள் மிதப்போ மேலே இருக்கிறது. சும்மா விட்டால் அது மேல்தண்ணீர் வேகத்தில் ஓடி, கீழே இருக்கும் இரையை இழுத்துக்கொண்டு போகும். மீனுக்கு அது அந்தரத்தில் பறக்கும் முட்டை. திரும்பியும் பார்க்காது. ஆகவே மிதப்பை மிக இலேசாகப் பின்னால் பிடித்துக்கொண்டே விட வேண்டும். தடியை உயர்த்தி, நூலை முடிந்தவரை தண்ணீரில் படாமல் வைத்து, விரலால் நூலைத் தடவித் தடவி விட வேண்டும். சரியாகச் செய்தால் மிதப்பின் நுனி உங்கள் பக்கம், அதாவது ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம், கொஞ்சம் சாய்ந்து நிற்கும். இரை முன்னால் போகும், மிதப்பு பின்னால் வரும்.

எங்களுக்கு இது விளங்கியது ஒரு நவம்பர் காலையில். ஒரு வளைவு, எதிர்க்கரையில் தண்ணீருக்குள் சாய்ந்த மரம் ஒன்று. நான் ஒன்றரை மணி நேரமாக விட்டுக்கொண்டிருக்கிறேன், ஒன்றும் இல்லை. சித்தப்பா பின்னால் ஒரு கல்லில் குந்தியிருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "தம்பி, உன்ர மிதப்பு நுரையை முந்திப் போகுது" என்றார். பார்த்தால் உண்மைதான். பக்கத்தில் மிதந்து வந்த நுரைத் துண்டு ஒன்றைக் கடந்து மிதப்பு ஓடிக்கொண்டிருந்தது. "நுரைக்குப் பின்னால நிக்கப் பிடி." பிடித்தேன். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, மரத்துக்கு இரண்டு அடி முன்னால் மிதப்பு ஒரு கணம் நின்றது. முங்கவில்லை, நின்றது, அவ்வளவுதான். தடியைத் தூக்கினேன். எங்கள் முதல் ஸ்டீல்ஹெட். அன்றிலிருந்து இன்றுவரை நான் மிதப்பைத் தனியாகப் பார்ப்பதில்லை, நுரையோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். உங்கள் மாமாவுக்குத் தடி இல்லாத நேரத்தில் கொடுக்க வேண்டிய வேலை இதுதான்: நுரையா, மிதப்பா, எது முந்துகிறது என்று பார்ப்பது.

ஆழம் வைப்பதும் இதோடு சேர்ந்தது. குறைவாகத் தொடங்கி, அரை அடி அரை அடியாகக் கூட்டிக்கொண்டு போங்கள். மிதப்பு அடிக்கடி தட்டுத் தட்டென்று முங்கினால் முள் அடியில் உரசுகிறது என்று அர்த்தம். அப்போது ஒரு சாண் குறையுங்கள். ஸ்டீல்ஹெட்டின் கண் மேல்பக்கம் பார்க்கும், இரை தலைக்குக் கொஞ்சம் மேலே வந்தால் எழும்பி எடுக்கும், வயிற்றுக்குக் கீழே போனதைத் தேடிக் குனியாது. புதியவர்கள் ஆழத்தை ஒருமுறை வைத்துவிட்டு நாள் முழுக்க அப்படியே விடுவார்கள். பத்தடி நகர்ந்தால் ஆழம் மாறும், நீங்களும் மாற்ற வேண்டும்.

மீன் எங்கே நிற்கும்? வேகமான ஓட்டமும் மெதுவான ஓட்டமும் உரசுகிற இடத்தில் தண்ணீரின் மேல் ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டின் மெதுவான பக்கம். மூன்றடி முதல் ஆறடி ஆழம், ஒருவர் சாதாரணமாக நடக்கிற வேகம். மடு ஒன்று முடிந்து தண்ணீர் மேடாகிற வால்பகுதியையும் விடாதீர்கள். இரவில் ஏறிவந்த மீன் விடியற்காலை அங்கே நிற்கும். ஆட்கள் நேரே மடுவின் நடுவுக்குப் போய் அவற்றைக் கலைத்துவிடுவார்கள்.

மழை பெய்து ஆறு பெருகினால் மீன் ஏரியிலிருந்து ஏறும். பெருகுகிற நாளில் தண்ணீர் சேறு, பிடிக்க முடியாது. வற்றத் தொடங்கி, முழங்கால் தண்ணீரில் நின்றால் சப்பாத்து மங்கலாகத் தெரிகிற அளவுக்கு, பாசிப்பச்சை நிறத்தில் தெளியும் நாள்தான் நாள். இந்தச் சின்ன ஆறுகள் ஒன்றிரண்டு நாளில் அந்த நிலைக்கு வந்துவிடும். கனடா அரசின் நீரளவு நிலையங்கள் ஆற்றின் ஓட்டத்தை மணிக்கணக்கில் இணையத்தில் காட்டுகின்றன. வேலைக்குப் போகும் ஆட்களுக்கு அது பெரிய உதவி. நல்லாக மீன் பட்ட நாளில் எண் என்னவென்று எழுதி வைத்தால், அடுத்த முறை வீட்டிலிருந்தே முடிவெடுக்கலாம்.

இரை. மீன் சினைதான் முதலிடம். மூன்று அங்குலச் சதுர வலைத்துணியில் ஆறேழு முட்டையை வைத்து, முறுக்கி, இழுபடும் நூலால் சுற்றி, மிச்சத் துணியை வெட்டிவிட்டால் பத்துச் சதம் அளவில் ஒரு பொட்டலம் வரும். முதல்நாள் இரவு சமையலறை மேசையில் இருந்து கட்டுங்கள். தெளிந்த தண்ணீருக்குச் சின்னதாக, வெள்ளை அல்லது வெளிர் இளஞ்சிவப்பு. கலங்கலுக்குப் பெரியதாக, கடும் செம்மஞ்சள் அல்லது பச்சை. வலை பின்னிய கைகள் இதைப் பார்த்தவுடன் பிடித்துக்கொள்ளும். சித்தப்பா நாற்பது பொட்டலம் கட்டி முடிக்கும்போது நான் பத்தில் நிற்பேன். கடலை விட்டபின் அந்த விரல்கள் ஓடி நான் பார்த்தது அந்த மேசையில்தான். சித்தி பேப்பர் விரிக்கச் சொல்லிச் சத்தம் போடுவார், அதைக் கேளுங்கள், சினை மேசையில் காய்ந்தால் சுரண்டி எடுக்க முடியாது. சினை இல்லாவிட்டால் முட்டை போன்ற 8 மில்லிமீட்டர் மணி, அல்லது இளஞ்சிவப்பு பிளாஸ்டிக் புழு. இரண்டும் பிடிக்கும்.

மாமாவின் கடல் அனுபவத்தில் எது உதவும், எது தடுக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். பொறுமை உதவும். முடிச்சு உதவும், அவர் போடுகிற முடிச்சை மாற்றச் சொல்லாதீர்கள், ஈரமாக்கி இறுக்கினால் போதும். நூலில் விரல் வைத்து உணர்கிற பழக்கம் மிகவும் உதவும். தடுப்பது இரண்டு. கடலில் இழுக்கும்வரை காத்திருக்கலாம். இங்கே மிதப்பு நின்றாலோ, தயங்கினாலோ, பக்கவாட்டில் நகர்ந்தாலோ உடனே தூக்க வேண்டும். அடுத்தது, மீன் பட்டதும் கை தானாக நூலைப் பிடித்து இழுக்கப் போகும். சித்தப்பாவின் முதல் மீன் அப்படித்தான் போனது. நல்ல மீன், எட்டு இறாத்தலாவது இருக்கும். தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நூலைக் கையில் சுற்றிவிட்டார். 6 இறாத்தல் லீடர் ஒரே உதறலில் அறுந்தது. விரலில் வெட்டு வேறு. நான் பக்கத்தில் நின்று அதைச் செய், இதைச் செய் என்று கத்தியதும் ஒரு காரணம். கார் வரைக்கும் அவர் ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு விதி வைத்தோம், உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். மீன் மாட்டியிருக்கும்போது தடி வைத்திருப்பவருக்கு மற்றவர் ஒன்றும் சொல்லக்கூடாது. கேட்டால் மட்டும் பதில். சொல்ல வேண்டியதெல்லாம் மீன் முடிந்த பிறகு. மாமா, மருமகன் உறவில் இது இன்னும் முக்கியம் என்று நினைக்கிறேன். நீங்கள் அவருக்குப் படிப்பிப்பதாக இருக்கக்கூடாது, அவர் உங்களை அதட்டுவதாகவும் இருக்கக்கூடாது. ரீலின் பிடிமானத்தை முன்கூட்டியே இளக்கமாக வைத்துக் கொடுத்துவிடுங்கள், மீன் ஓடட்டும். தடி வளைந்தே இருக்க வேண்டும். மீன் துள்ளினால் நுனியைத் தாழ்த்த வேண்டும். இந்த மூன்றையும் வீட்டு முற்றத்தில், நூலின் முனையைப் பேரப்பிள்ளையின் கையில் கொடுத்து ஓடவிட்டுப் பழகலாம். நாங்கள் அப்படிச் செய்தோம், பிள்ளைகளுக்கும் சந்தோசம்.

இனி, மற்ற எதை விட்டாலும் விடக்கூடாதது. மார்புவரை வரும், தண்ணீர் புகாத வேடர்ஸ் காற்சட்டை போட்டால் இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்ட வேண்டும். நான் ஒரு ஏப்ரலில் கட்டாமல் போனேன். தொடை அளவு தண்ணீர்தான், ஆனால் ஒரு வழுக்கல் கல். விழுந்த கணத்தில் குளிர் மூச்சை அடைத்தது. வேடர்ஸுக்குள் தண்ணீர் புகுந்து கால்கள் கல்லாகிவிட்டன. எழும்ப முடியவில்லை. சித்தப்பா கைத்தடியை நீட்டி இழுத்து எடுத்தார். 4 பாகைத் தண்ணீரில் கை விரல்கள் சில நிமிடத்தில் சொல்வழி கேளாது. அறுபது தாண்டியவருக்கு, இதயத்துக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவருக்கு, அந்த அதிர்ச்சி ஆபத்து. ஆகவே மாமா முதல் பருவம் முழுக்கக் கரையிலிருந்து, அல்லது கணுக்கால் தண்ணீரிலிருந்து பிடிக்கட்டும். நீங்கள் இறங்கிக் கடக்க நினைக்கிற இடத்தைக் கைத்தடியால் தட்டிப் பார்த்துக் கடவுங்கள். காரில் இரண்டு பேருக்கும் முழு மாற்று உடுப்பு, துவாய், காலுறை. கரையோரம் பனிக்கட்டி பிடித்த நாளில் அதன்மேல் கால் வைக்க வேண்டாம். ஆற்றங்கரை எல்லாம் பொது இடமும் இல்லை. பல இடம் தனியார் காணி, பலகை இருந்தால் திரும்பிவிடுங்கள்.

சட்டத்தில் இரண்டு விசயம் மட்டும். வாயைத் தவிர வேறு இடத்தில் முள் பட்ட மீனை உடனே விட வேண்டும். வேண்டுமென்று உடம்பில் கொளுவி இழுப்பது குற்றம். செப்டம்பரில் சிலர் அதைச் செய்வதைப் பார்ப்பீர்கள், மாமாவுக்கு முதலே சொல்லி வையுங்கள். வைத்துக்கொண்ட மீனை வீணாக்குவதும் குற்றம், சினையை மட்டும் எடுத்துக்கொண்டு மீனை எறிய முடியாது.

சமையல். கட்டாயம் கேட்பீர்கள் என்று தெரியும். சமைக்கலாம். இலையுதிர்காலத்து வெள்ளி மீன் நல்ல ருசி. இளவேனிலில் முட்டையிட்டு முடித்த மெலிந்த மீனின் சதை சொத சொதவென்று இருக்கும், அதை விட்டுவிடுங்கள். ஆனால் பேரேரி மீனில் பி.சி.பி போன்ற நச்சுப் பொருட்கள் கொழுப்பில் சேர்ந்திருக்கும். எந்த நீரில், எந்த மீன், எந்த நீளம், மாதத்துக்கு எத்தனை வேளை என்று ஒன்ராறியோ அரசு ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கும் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கும் தனி அளவு. அதைப் பார்த்த பிறகுதான் எங்கள் வீட்டில் சட்டி அடுப்பில் ஏறும். தோலையும் முதுகு, வயிற்றுக் கொழுப்பையும் வெட்டி எடுத்துவிடுங்கள், ஈரல், குடல் எல்லாம் வேண்டாம். நம் சமையலில் ஒன்றையும் எறிவதில்லை, மாமாவுக்கு இது மனவருத்தமாக இருக்கும், ஆனாலும் செய்யுங்கள். சினையைக் கறிக்கு எடுக்காமல் தூண்டிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பெண் மீனின் சினை ஒரு பருவத்துக்குக் காணும்.

நாங்கள் வருடத்துக்கு ஒன்றிரண்டு வைத்துக்கொள்வோம், மிச்சத்தை விடுவோம். இந்த மீன் திரும்பி வரக்கூடியது என்று முன்னால் சொன்னேன். விடுவதென்றால் ஒழுங்காக விட வேண்டும். ரப்பர் வலை. கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். கரை மணலில் இழுத்துப் போடாதீர்கள். படம் எடுப்பதென்றால் மற்றவர் தயாராக நிற்கும்போது மூன்று எண்ணுகிற நேரம் தூக்கி, மறுபடி தண்ணீரில். ஓட்டத்தைப் பார்க்கத் தலையை வைத்து, வாலைப் பிடித்துக்கொண்டிருங்கள். அது உங்கள் கையை உதறிக்கொண்டு போகும்வரை விடாதீர்கள். அந்த உதறலைக் கையில் உணர்வதற்காகவே சித்தப்பா பிடிப்பார் என்று எனக்குச் சில நேரம் தோன்றும்.

ஏப்ரலில் சரளைக்கல் பகுதியில் சுற்றிலும் பாசி படிந்த கற்களுக்கு நடுவே பாய் அளவுக்குச் சுத்தமாக, வெளிறித் தெரியும் இடம் இருந்தால் அது முட்டை புதைத்த குழி. அதன்மேல் நடக்கக் கூடாது, அதில் நிற்கும் மீனுக்குத் தூண்டில் போடவும் கூடாது. கானராஸ்காவில் அடுத்த மீனெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது என்னவென்றால், மழை நின்று இரண்டாம் நாள் தடி இல்லாமல் டஃபின்ஸ் பக்கம் இருவரும் ஒரு நடை போங்கள். துருவக் கண்ணாடியை மாமாவுக்குக் கொடுங்கள். நுரை எங்கே வேகமாகப் போகிறது, எங்கே தங்குகிறது என்று அவர் காட்டட்டும், நீங்கள் ஒரு கொப்பியில் படமாகக் கீறுங்கள். தடி வாங்கியபின் முதல் நாள் அந்தப் படத்தில் இருக்கும் இரண்டு இடத்தில் மட்டும் விடுங்கள். காலையில் நாலு மணி நேரம் போதும். தேநீர்க் குடுவை பெரியதாக இருக்கட்டும், மாமாவின் அடையாள அட்டையைத் தண்ணீர் புகாத பையில் போட்டு அவர் சட்டைப் பையிலேயே வையுங்கள்.